வேலியில் தானாக முளைத்த கொடி செங்காந்தள்தானா? வளர்த்தால் வண்ணத்துப்பூச்சி வருமா?

உங்கள் கேள்வியில் கொடி ஆடி மாதம் வேலியில் முளைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் செங்காந்தள் என்கிறார், இன்னும் பூக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலை நுனியைப் பாருங்கள்.

பாகல், பீர்க்கு போன்ற கொடிகளில் பற்றுச்சுருள் கணுவிலிருந்து தனியாகக் கிளம்பும். செங்காந்தளில் இலையே கை. காம்பில்லாமல் தண்டோடு ஒட்டிய நீள இலை, போகப் போகக் கூராகி, முடிவில் நூலாக மெலிந்து சுருண்டுகொள்ளும். அந்தச் சுருள் பக்கத்துக் குச்சியை ஒன்றிரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். வேலிகளில் ஏறும் கொடிகளில் இப்படி வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அடி இலைகளுக்குச் சுருள் இருக்காது. அதனால் முளைத்த புதிதில் பார்த்துவிட்டு இல்லை என்று பிடுங்கிவிடாதீர்கள். கொடி ஓரடி ஏறட்டும்.

நான் திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர் பக்கம். எங்கள் ஊரில் செங்காந்தள் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, கண்வலிக்கிழங்கு என்றால் குழந்தைக்கும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. விதையில் உள்ள, மருந்து தயாரிக்க உதவும் கோல்ச்சிசின் என்ற பொருளுக்காக எங்கள் பகுதியில் இதை வயல் வயலாகப் பயிர் செய்கிறார்கள். கொடி ஏற முள்கிளுவையும் விராலிக் குச்சியும்தான் பந்தல்.

சரி, பூவுக்கு வருவோம். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி நிமிர்ந்துகொள்ளும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, சில நாளில் முழுப்பூவும் சிவந்துவிடும். ஒரே கொடியில் இந்த நிறங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பூவுக்கு அடியில் ஆறு மகரந்தத் தண்டுகள் சக்கரத்தின் ஆரக்கால் போல வெளியே நீட்டியிருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பூவின் பெண் பாகமான சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி, ஒரு பக்கமாக விலகி நிற்பது தெரியும்.

வண்ணத்துப்பூச்சி வருமா என்ற கேள்விக்குப் பதில் அந்த மடக்கில்தான் இருக்கிறது. தேன் இதழ்களின் அடியில். மகரந்தமும், சூல்தண்டின் நுனியான சூல்முடியும் அங்கிருந்து எட்டி, வெளிவட்டத்தில் நிற்கின்றன. தேனீ வந்து மகரந்தத்தைச் சேகரித்துக்கொண்டு சூல்முடியைத் தொடாமலே போய்விடும். அகன்ற இறக்கை உள்ள பூச்சி தேனுக்காக நெருங்கினால்தான் இரண்டிலும் உரசும். காலை வெயில் ஏறும் நேரத்தில் எங்கள் வேலியோரம் நின்றால், அழகிகள் என்று சொல்கிற பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் உட்காராமல் படபடத்தபடியே குடிப்பதைப் பார்க்கலாம். தேன்சிட்டும் வரும். பெரிய வயல்களில் அத்தனை பூவுக்கும் பூச்சிகள் போதாது, அதனால் காலை 8 மணியிலிருந்து 11 மணி வரை ஆட்கள் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். ஒரு பூச்சி செய்யும் வேலையின் அருமை அங்கே நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் உள்ள இரண்டு மூன்று கொடிக்கு அதெல்லாம் தேவையில்லை. மருந்து அடிக்காமல் இருந்தால் போதும்.

மருந்து அடிக்கத் தோன்றும் நேரம் ஒன்று வரும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு இலையை அரித்துத் தள்ளும். குச்சியால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். தினமும் காலையில் பார்த்தால் சமாளித்துவிடலாம்.

வளர்ப்பதற்குக் கிழங்குதான் சுலபம், விதையில் வந்தால் பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும், முளை வருவது அதன் நுனியில். நுனி ஒடிந்தால் முளைக்காது, அதனால் பச்சை முட்டையைப் போலக் கையாளுங்கள். செம்மண்ணோடு மணல் கலந்து, நாலு விரல் ஆழத்தில் படுக்கை வசமாக வைத்து, ஏற ஒரு குச்சியும் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. ஒன்றரை மாதத்தில் பூக்கத் தொடங்கும். காட்டிலிருந்து தோண்டி வராமல் பயிர் செய்பவர்களிடம் வாங்குங்கள்.

முதல் வருடம் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் கொடி பழுத்துக் காய்ந்தது. செத்துப் போகிறதே என்று பதறி, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். பங்குனியில் தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கூழாக அழுகியிருந்தது. "அது தூங்கற நேரம் சாமி, எழுப்பாதே" என்று அம்மிச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, அப்புறம் சொன்னார். மாசி முதல் வைகாசி வரை மண்ணுக்குள் ஓய்வு, பழைய கிழங்கு கரைந்து அதன் இடத்தில் உருவான புதுக்கிழங்குதான் அடுத்த மழைக்கு முளைக்கும். அந்த மாதங்களில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

இன்னொன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கும் விதையும் மிகக் கடுமை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள். தெரியாமல் யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தொட்ட பிறகு கை கழுவுங்கள். சின்னக் குழந்தையோ ஆடோ புழங்கும் இடமென்றால் வேலியின் வெளிப்பக்கம் ஒதுங்கிய மூலையில் மட்டும் விடுங்கள்.

கொடி காய்வதற்கு முன்பே, அது முளைத்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். கோடையில் மேலே எதுவும் தெரியாது, யாராவது வேறு செடி வைக்க அங்கேயே மண்வெட்டி போட்டுவிடுவார்கள்.