சரிவான குடியிருப்புச் சாலையில் வண்டிகளின் வேகத்தை எப்படிக் குறைப்பது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடுகளை ஒட்டி இறங்கும் சாலைகளில் எல்லோருக்கும் உள்ள கவலை இது. போலீஸ் நிற்காத நேரத்திலும் ஓட்டுநர் தானாகவே மெதுவாகப் போகும்படி சாலையை அமைப்பதுதான் 'வேகத் தணிப்பு'.

வேக வரம்புப் பலகையைவிடச் சாலையின் தோற்றம்தான் வேகத்தை முடிவு செய்கிறது. அகலமாக, நேராக இருந்தால் கால் தானாக அழுத்தும். வேகம் 20 கி.மீ.யிலிருந்து 40 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிவிடும். இறக்கத்தில் இன்னும் நீளும். பனிமூட்டத்தில் பள்ளி விட்டு ஓரமாக நடந்துவரும் பிள்ளைக்கு இது உயிர் விஷயம்.

கேரட் தோட்டச் சரிவில் மழைத் தண்ணீரை ஒரே வரப்பு தாங்காது. இடைவெளி விட்டுப் பல வரப்பு போடுவோம். இங்கும் அப்படித்தான். வண்டி வேகமெடுக்கும் மேட்டிலிருந்தே வரிசையாக வேகத்தடைகள், அவற்றுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை, இரவில் தெரியும் வெள்ளைக் கோடு, முடிந்த இடத்தில் சாலையின் அகலத்தைக் குறைக்கும் நடைபாதை. சாலை உள்ளாட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரித்து, தெருவே சேர்ந்து மனு கொடுங்கள்.

வேகத்தடை உயரமாக இருந்தால்தான் பலன் என்பது தவறு: சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம்தான், அதைவிடக் கூம்பாகப் போட்டால் டூவீலர் சறுக்கும், ஆம்புலன்ஸில் போகும் நோயாளி துடிப்பார்.