கறுப்பு கிரையான்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம். பிள்ளைகள் தங்கள் உணர்ச்சியைத் தெரிந்துகொள்ளவும் அதை எடுத்துச் சொல்லவும் கலை வழியாகப் பழக்கலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். எனக்கும் ஆசை வந்தது. ‘இன்னைக்கு உன் மனசு எப்படி இருக்கோ அதை வரை’ என்று தாள் கொடுத்தேன். 32 பேரில் 26 பேர் ஒரே படத்தை வரைந்தார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, தென்னைமரம், ஆறு. ஒரு பெண் மட்டும் தாள் முழுக்கக் கறுப்பு அடித்திருந்தாள். எனக்குப் பகீரென்றது. எல்லார் முன்னாலும் “ஏம்மா கறுப்பு?” என்று கேட்டுவிட்டேன். “கறுப்பு கிரையான்தான் டீச்சர் மிச்சம் இருந்துச்சு” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் எங்கே தவறினேன்? எனக்கு வரையவும் வராது, பாடவும் வராது. நான் இதையெல்லாம் செய்யலாமா? ‘வெளிநாட்டுச் சரக்கு, நம்ம பசங்களுக்கு ஒத்துவராது’ என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சிரிக்கிறார்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தப் பெண் சொன்னதை நம்புங்கள். 12 நிறப் பெட்டி ஒன்றை ஐந்தாறு பேர் பங்குபோட்டால் சிவப்பும் நீலமும் முதலில் போய்விடும். கடைசியில் நிற்கும் பிள்ளைக்குக் கறுப்பு, அதுவும் இல்லையென்றால் வெள்ளை. (வெள்ளைத் தாளில் அந்த வெள்ளை கிரையானை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நானும் சின்ன வயதில் யோசித்திருக்கிறேன்.) அவள் சொன்னது பொய்யாகவே இருந்தாலும் அது கெட்டிக்காரப் பொய். 31 பேர் வேடிக்கை பார்க்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை.

பகீரென்றதில் ஒன்றும் தப்பில்லை. கேட்டதுதான் தப்பு. ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டுக் கதை ஒன்று வேண்டும்.

என் அப்பாயி (அப்பாவின் அம்மா) ஒப்பாரி வைப்பதில் பேர்போனவர். அக்கம்பக்கத்து ஊரில் இழவு விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். செத்தவரைக் கூப்பிட்டுத்தான் பாட்டு தொடங்கும். நாலாவது அடியில் பார்த்தால், பத்து வயதில் காய்ச்சலில் போன தன் மூத்த பிள்ளைக்கு வந்திருப்பார். அப்புறம் தாத்தாவோடு பட்டது, மாமியாரிடம் பட்டது, அண்ணன் சீர் செய்யாமல் விட்டது எல்லாம் வரும். சுற்றி உட்கார்ந்து மாரடிக்கும் பெண்கள் எல்லாருக்கும் அது யாருக்கான அழுகை என்று தெரியும். ஒருத்தியும் கேட்டதில்லை. அவர்களும் அவரவர் கதையைத்தான் அழுதுகொண்டிருந்தார்கள். குளத்தில் முங்கிவிட்டு வீட்டுக்கு வந்து ‘பசிக்குதுடி, சோத்தைப் போடு’ என்பார். வீட்டில் ஒருநாளும் அந்தப் பிள்ளையின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒப்பாரியில் மட்டும்தான் சொல்வார்.

யாராவது நடுவில் நிறுத்தி, ‘நீ இப்ப யாரை நினைச்சு அழுவுற?’ என்று கேட்டிருந்தால் அப்பாயி அடுத்த இழவுக்குப் போயிருக்க மாட்டார். உங்கள் வகுப்பில் நடந்தது இதுதான். ஒருவருக்குத் தன் பெயரில் சொல்ல முடியாததை வேறொரு பெயரில் சொல்ல இடம் கொடுப்பது கலை. அந்த மறைவை நம்பித்தான் வெளியே வருகிறார்கள். மறைவைக் கொடுத்த கையே அதைப் பிடுங்கக் கூடாது.

உங்கள் சக ஆசிரியருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே போட்டு வைத்திருக்கிறது. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’. தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். நண்டிடமும் நாரையிடமும் தன் நெஞ்சிடமும் பேசுகிறார்கள். பெயர் இல்லாததால்தான் அத்தனை அந்தரங்கம் அங்கே வர முடிந்தது. நீங்கள் தமிழாசிரியை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள் என்று சொல்வேன். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டையும் சொல்லிவிட்டு அது நிற்பதில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது. அழுகைக்கு இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்வது), வறுமை. அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலே இருப்பவர்). (நான்காவதைப் படிக்கும்போது உங்கள் தலைமையாசிரியர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.) வெகுளிக்கு உறுப்பறை (உறுப்பை வெட்டுவது), குடிகோள், அலை (அடித்து வருத்துவது), கொலை. குடிகோள் என்றால் தன்னைச் சேர்ந்தவர்களுக்குச் செய்யும் கேடு. “எங்கம்மாவைப் பத்திப் பேசினான் டீச்சர், அதான் அடிச்சேன்” என்று மாதத்துக்கு ஒரு பையனாவது உங்களிடம் வந்து நிற்பான் இல்லையா? அதற்குப் பெயர் அதுதான். பென்சிலைப் பிடுங்கியதால் வரும் கோபமும் இதுவும் ஒன்றில்லை என்று அந்தப் பையனுக்குத் தெரியும். சொல்ல வார்த்தை இல்லாததால் இரண்டுக்கும் ‘கடுப்பாயிடுச்சு’ என்கிறான்.

சூத்திரத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தச் சொல்லவில்லை. உங்கள் மனதில் இருந்தால் போதும். ‘உனக்கு எப்படி இருக்கு?’ என்பதற்குப் பதில் ‘இந்தக் கதையில் வர்ற பொண்ணுக்கு என்ன ஆச்சு, அதனால என்ன வந்துச்சு?’ என்று கேட்க அது வழிகாட்டும். முதல் கேள்விக்கு ‘நல்லா இருக்கேன் டீச்சர்’ தவிர வேறு பதில் வராது.

வரையத் தெரியாதது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தெரிந்திருந்தால் திருத்தத் தோன்றும். உடம்பு இருக்கிறதே, அது போதும். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் பயிற்சி ஒன்றில் ஒருவர் களிமண், இன்னொருவர் குயவர். பேசாமல் நண்பனின் கையையும் தலையையும் பிடித்து ஒரு சிலையாக நிறுத்த வேண்டும். ‘வீட்டில் சாப்பாட்டு நேரம்’ என்று சொல்லிப் பாருங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் முகம் போனில் இருக்கிறது என்று எல்லாம் வந்துவிடும். பிறகு, ‘இதில் ஒரே ஒரு ஆளை மட்டும் மாற்று’ என்று சொல்லுங்கள். யார் வீடு என்று கேட்காதீர்கள்.

எடுத்துச் சொல்வது பற்றி போவாலே எழுதிய ஒரு சம்பவம் உண்டு. 1973-இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார். படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் கணவன் சில காகிதங்களைப் பத்திரமாக வைக்கக் கொடுத்திருந்தான். வீட்டுப் பணம் கட்டிய ரசீது என்று நினைத்திருந்தாள். படிக்கச் சொல்லிக் கேட்டபோதுதான் அவை வேறொருத்தி எழுதிய காதல் கடிதங்கள் என்று தெரிந்தது. அவன் வீடு திரும்பும்போது அவள் என்ன செய்ய வேண்டும் என்று நாடகம் போட்டு, பார்வையாளர்களிடம் கேட்டார்கள். ‘அவனோடு தெளிவாகப் பேச வேண்டும்’ என்றாள் ஒரு பெண். நடிகை தெளிவாகப் பேசினாள். யோசனை சொன்னவளுக்குத் திருப்தி இல்லை. நடிகை மறுபடி பேசினாள், அப்போதும் இல்லை. கடைசியில் போவால் அவளையே மேடைக்குக் கூப்பிட்டார். ஏறி வந்து விளக்குமாற்றை எடுத்துக் கணவனாக நடித்தவரை விளாசிவிட்டாளாம். ‘தெளிவாகப் பேசு’ என்பதற்கு அவள் வைத்திருந்த பொருள் அது. நாமும் பிள்ளைகளிடம் ‘சண்டை போடாதே, பேசித் தீர்த்துக்கோ’ என்கிறோம். பேசுவது என்றால் என்ன என்று செய்து காட்டச் சொன்னதில்லை. பார்ப்பவரே ஏறி நடித்துப் பார்க்கும் போவாலின் நாடக முறை இந்தச் சம்பவத்திலிருந்து பிறந்தது. மேற்கு வங்கக் கிராமங்களில், 1985-இல் தொடங்கப்பட்ட ஜன சன்ஸ்கிருதி குழு அதைச் செய்துவருகிறது. நீங்களும் ‘அப்பா போனைப் பிடுங்கிவிட்டார்’ என்ற ஒற்றைக் காட்சியை வைத்துத் தொடங்கலாம். அப்பாவாக நடிக்கும் பிள்ளை எளிதில் இறங்கி வரக் கூடாது, அது மட்டும் விதி.

சரி, அந்த 26 மலைகள். அவற்றைப் பார்த்து நீங்கள் சலித்தது கடிதத்தில் தெரிகிறது. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியரை நாஜிகள் 1942 டிசம்பரில் டெரெசின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த யூதப் பிள்ளைகளுக்கு அவர் கிடைத்த துண்டுக் காகிதங்களில் ஓவியம் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு படத்திலும் பெயர் எழுதச் சொல்வாராம். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். பிள்ளைகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர் இரண்டு பெட்டிகளில் விட்டுப்போன ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகாம் வாழ்க்கையும் அவற்றில் உண்டு. ஆனால் வீடும் பூவும் புல்வெளியும் பட்டாம்பூச்சியும் நிறைய. அந்த இடத்திலிருந்தே பிள்ளைகள் அதைத்தான் வரைந்தார்கள் என்றால், உங்கள் வகுப்பின் தென்னைமரத்தை நாம் ஏன் குறைவாக நினைக்க வேண்டும்? துயரம்தான் ஆழம், கறுப்புதான் உண்மை என்பது பெரியவர்களான நம் பழக்கம்.

மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றியும் தேடிப் படியுங்கள். சேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த கலைஞர் பால் ஹோகனும் முன்நின்று தொடங்கியது. போர் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் வந்து சேர்ந்து மண் பிசைந்து, வண்ணம் அடித்து, கதை கட்டி நடித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை படத்தையோ நாடகத்தையோ விட்டுவிட்டு, தானாகவே உங்களிடம் வந்து ‘என்னை ஒருத்தர் இப்படிப் பண்றாங்க’ என்று சொன்னால் அதோடு கலை முடிந்தது. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்பம் என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. நீங்கள் மருத்துவரோ காவல்துறையோ இல்லை. துருவாமல் கேட்டுக்கொண்டு, உரியவர்களிடம் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

கலைத் திருவிழாப் போட்டிக்குத் தயார் செய்வதை இந்த வகுப்போடு கலக்காதீர்கள். அங்கே நடுவர் இருப்பார், மதிப்பெண் இருக்கும். இங்கே இரண்டும் கூடாது.

கறுப்பு அடித்த அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம், அது இன்னொரு ‘ஏம்மா கறுப்பு’வாக முடியும். அடுத்த வகுப்புக்கு முன்னால் இன்னும் நாலைந்து கிரையான் பெட்டி வாங்குங்கள். சின்னப் பெட்டி விலை ஒன்றும் அதிகமில்லை. எல்லா நிறமும் எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரி நடுவில் கொட்டி வையுங்கள். நீங்களும் தரையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்து, கோணல்மாணலாக எதையாவது வரையுங்கள். அவள் அப்போதும் கறுப்பையே எடுத்தால், எடுக்கட்டும். நீங்கள் வரைந்ததைப் பார்த்து அவள் “இது என்ன டீச்சர்?” என்று கேட்டால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.