தூக்கத்தில் பல் கடிப்பவருக்கு எட்டு கேப் எதற்கு?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் வீட்டுக்காரருக்கு வயது 38. தூக்கத்தில் பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி பல்லை நறநறவென்று கடிக்கிறார். காலையில் தாடை இறுகி, நெற்றிப்பொட்டு வலிக்கிறது. ஒரு கடைவாய்ப் பல்லின் ஓரம் பெயர்ந்துவிட்டது. மாமியார் வயிற்றுப் பூச்சி என்கிறார். ஊருக்கு வந்த இலவசப் பல் முகாமில், எட்டுப் பல்லைத் தேய்த்து கேப் போட வேண்டும், மதுரைக்கு வேனில் கூட்டிப்போகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?”

கட்டாதீர்கள். பெயர்ந்த ஒரு பல்லுக்கு வைத்தியம் தேவை. மற்ற ஏழு பல்லையும் யாரும் தொட வேண்டியதில்லை.

பூச்சி மாத்திரை கெடுதல் செய்யாது, ஆனால் பல் கடிப்பதை அது நிறுத்தவும் செய்யாது. தூக்கத்தின் நடுவே மூளை சில நொடிகள் லேசாக விழிக்கும். அந்த நேரத்தில்தான் தாடைத் தசை இறுகிப் பல்லை அரைக்கிறது. தூங்குகிறவருக்கு அது தெரியாது. இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுப் பகலில் துண்டு துண்டாகத் தூங்குவது, படகுக் கடன், கடலில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம், இதோடு சாராயம், புகையிலை, ராத்திரி டீ எல்லாம் சேர்ந்தால் கடிப்பது கூடும். மனநல மாத்திரைகள் சிலவும் இப்படிச் செய்யும். அப்படி ஏதாவது சாப்பிட்டால் தானாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

பல்லின் மேலுள்ள எனாமல், தடித்த இடத்தில்கூட சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். தேய்ந்தால் திரும்ப வளராது. அப்புறம் கூச்சம், விரிசல், அடைத்த இடம் பெயர்வது, காதோரம் தாடை மூட்டில் ‘டக்’ என்ற சத்தம் என ஒவ்வொன்றாக வரும்.

முகாம்காரர்கள் சொல்லாததைச் சொல்கிறேன். கேப் மாட்ட வேண்டுமானால் நல்ல பல்லையே சுற்றிலும் செதுக்க வேண்டும். கடித்துத் தேயப் பல வருடம் ஆகும் பல்லை அரை மணி நேரத்தில் அவர்களே தேய்த்துவிடுவார்கள். பலருக்கு உயிருள்ள பல்லில் வேர் சிகிச்சையும் செய்து பில்லை ஏற்றுவார்கள். இவ்வளவும் செய்த பிறகும் கடிக்கும் பழக்கம் அப்படியே இருக்கும். அந்த அழுத்தத்தில் பீங்கான் கேப்பும் உடையும். ஆள் பிடித்து வேன் ஏற்றும் தரகருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. யார் வைத்தியம் செய்யப் போகிறார், அவருடைய தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். சட்டப்படி பதிவில்லாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது. சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த ஆட்கள் தைரியமாக ஊருக்குள் வருவதற்கு நம் அரசு அமைப்பும் காரணம். பல்லைப் பிடுங்கிப் போடக் காட்டும் வேகத்தில் பாதியைப் பல்லைக் காப்பதில் காட்டினால், தரகருக்கு இங்கே என்ன வேலை?

உங்கள் வீட்டுக்காரருக்குத் தேவை நைட் கார்டு. பல்லை அச்செடுத்து, மேல் பல்வரிசைக்குப் பொருந்துகிற மாதிரி கடினமான அக்ரிலிக்கில் செய்யும் மெல்லிய தட்டு அது. கடிப்பதை நிறுத்தாது, பல்லுக்குப் பதில் தட்டு தேயும். வெந்நீரில் போட்டு நாமே கடித்து வடிவமாக்கும் ரப்பர் கார்டை ஆன்லைனில் வாங்காதீர்கள். மெத்தென்று இருப்பதால் சிலர் அதை மென்று, முன்பைவிட அதிகமாகக் கடிக்கிறார்கள்.

ஒரு வகையினருக்கு மட்டும் இந்தத் தட்டை உடனே மாட்டக் கூடாது. பலமாகக் குறட்டை விடுகிறவர், நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறவர். இவர்களில் சிலருக்கு மேல்தட்டு மாட்டினால் மூச்சடைப்பு கூடலாம். இரவில் பக்கத்தில் இருந்து கேட்கிறவர் நீங்கள்தான். குறட்டை திடீரென்று அமைதியாகிறதா? பத்து நொடி தாண்டியும் மூச்சு வராமல், பிறகு கொர்ரென்று இழுக்கிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறாரா? ஆம் என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். தட்டு அதற்குப் பிறகுதான்.

பகலிலும் அவர் பல்லை இறுக்கிக்கொண்டே இருக்கலாம். உதடு மூடியிருக்கட்டும், பல் ஒட்டக் கூடாது. சாப்பிடுவதும் விழுங்குவதும் சேர்த்துக்கூட மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடுவது ஒரு நாளைக்கு அரை மணிக்குள்தான். படுக்கும் முன் வெந்நீர்த் துணியால் தாடைக்கு ஒத்தடம் கொடுங்கள்.

பெயர்ந்த பல்லை இப்போதே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். தட்டுக்கு அச்சு, பொருத்துதல், திருத்தம் என்று நடக்க வேண்டியிருக்கும். தொழிலுக்கு நடுவே முடியாவிட்டால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் முடித்துவிடலாம். தட்டைப் படகுக்குக் கொண்டுபோனால் காற்றோட்டமுள்ள சின்ன டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும். வெயிலிலோ இன்ஜின் பக்கமோ வைத்தால் தட்டு வளைந்துவிடும், பிறகு பல்லில் உட்காராது.