நியூயார்க் – லண்டன் விமானப் பயணம்: திரும்பும்போது மட்டும் ஏன் ஒரு மணி நேரம் கூடுகிறது?

நியூயார்க்கிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம், போக வர நேரம் ஏன் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோவுக்குச் சுமார் 5,540 கி.மீ. அட்டவணையில் லண்டன் போக 7 மணி நேரம், திரும்ப 8 மணி நேரம் என்பதுபோல் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க முறை வரும்வரை வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூமி கிழக்கு நோக்கித்தானே சுழல்கிறது? அப்படிப் பார்த்தால் லண்டன் நம்மைவிட்டு விலகி ஓட வேண்டும், நியூயார்க் எதிரே வர வேண்டும். நடப்பதோ நேர் எதிர். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்தக் கணக்கே எழாது.

உண்மைக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் காற்றாறு அது. குளிர்காலத்தில் வேகம் கூடும். ஒரு ஜனவரி இரவு லண்டன் போகும்போது முன்இருக்கைத் திரையில் தரை வேகம் மணிக்கு 1,110 கி.மீ. என்று காட்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டோமோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படியெல்லாம் இல்லை. சுற்றியிருக்கும் காற்றை வைத்துப் பார்த்தால் விமானம் வழக்கமான 900 சொச்சத்தில்தான் போகிறது. மிச்சம் காற்று தள்ளிவிட்டது. திரும்பும்போது அதே திரையில் 740. இரண்டு படம் பார்த்து முடித்தும் கடல் முடியவில்லை.

2020 பிப்ரவரியில் ஒரு பெரும் புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று இதே வழியை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. (1996இல் கான்கார்ட் 2 மணி 53 நிமிடத்தில் போனது, ஆனால் அது ஒலியைவிட வேகமாகப் பறந்த வேறு ஜாதி.)

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது கழிந்து சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆகாது. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 150 கி.மீ. என்று வையுங்கள். போக 5 மணி 17 நிமிடம், வர 7 மணி 23 நிமிடம், ஆக 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடம் போதும். எதிர்காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் நஷ்டம்தான் மிஞ்சும். இதனால்தான் அட்லாண்டிக் பாதைகளைக் காற்றைப் பார்த்துத் தினமும் மாற்றி வகுக்கிறார்கள். தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் இணையக் கணக்கிகள் இது எதையும் பார்ப்பதில்லை.

அப்புறம், தட்டை வரைபடத்தில் கோடு போட்டு அளக்காதீர்கள். அந்த நேர்கோடு உண்மையில் சுமார் 200 கி.மீ. கூடுதல் சுற்று. பூமி உருண்டை என்பதால், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கமாக வடக்கே வளைந்து போவதுதான் குறுக்குவழி.

கடிகார வித்தியாசம் 5 மணி நேரம். ஆனால் கோடைக்கால நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் கடைசி ஞாயிறும் மாறுவதால், இடைப்பட்ட நாட்களில் 4 மணி நேரம்தான். இது தெரியாமல் லண்டன் நண்பனுக்குத் தப்பான நேரம் சொல்லி, அதிகாலையில் அவன் வரும்வரை ஒரு மணி நேரம் விமான நிலைய வாசலில் நின்றேன்.