பொம்மை செய்பவர் ஓவியரா?

கேள்வி: காஸ் என்பவர் பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் விற்கிறார், மியூசியத்திலும் அவர் படைப்புகளை வைக்கிறார்கள். இவரை ஓவியர் என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பொம்மையை மட்டும் பார்த்து எடைபோடாமல், பஸ் ஸ்டாப்பிலிருந்து தொடங்குங்கள். 1974-ல் நியூ ஜெர்சியில் பிறந்த பிரையன் டோனலிதான் காஸ், நியூயார்க்கில் முறையாகப் படித்தவர். தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாப் விளம்பரப் பெட்டியைத் திறந்து, போஸ்டரை உருவி, எடுத்துப்போய், மாடலின் முகத்தின் மேல் மண்டையோடு ஒன்றை வரைந்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டு, பழையபடி மாட்டிவிடுவார். தூரிகைத் தடமே தெரியாது, அச்சிலேயே அப்படி வந்தது போலிருக்கும். அந்தக் கை சும்மா வராது!

அப்புறம் 1999-ல் ஜப்பானில் கம்பேனியன் என்ற அவருடைய கார்ட்டூன் பொம்மை வெளிவந்தது, அதே பெருக்கல் குறிக் கண்களோடு. 2019-ல் அது 37 மீட்டர் நீளத்துக்கு ஊதப்பட்டு ஹாங்காங் துறைமுகத்தில் மல்லாந்து மிதந்தது. அதே வருடம் அதே ஊரில் அவருடைய ஓவியம் ஒன்று ஏலத்தில் ஏறக்குறைய 1.48 கோடி டாலருக்குப் போனது, ஆனால் விலையை வைத்துக் கலையை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கம்பேனியன் சிலையின் படத்தைத் தேடிப் பாருங்கள். கார்ட்டூன் உருவம்தான், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.