சிவப்பு மருந்தும் தெம்பு மாத்திரையும்

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவில் சிவப்பு மருந்து ஏற்றுகிறார்கள். தெம்புக்காக நானே ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். இயற்கையான விட்டமின்தானே, கெடுதல் என்ன வந்துவிடும்? (வாசகி, கரூர்)

பதில்: வரலாம் அம்மா. முதலில் அந்த 'இயற்கை'யை விடுங்கள். எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது.

சிவப்பு மருந்து என்பது டாக்ஸோருபிசின். ஏற்றிய அன்று சிறுநீர்கூடச் சிவந்து போயிருக்குமே, அதுதான். செல்லின் டிஎன்ஏவை அறுப்பது அதன் முக்கிய வேலை. கூடவே ஆக்ஸிஜன் ரேடிகல்கள் என்கிற, கண்டதையும் தாக்கும் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டும் செல்லைப் பொசுக்கும். உங்கள் மாத்திரையோ அதே ரேடிகல்களை அணைக்க வந்தது. நல்ல செல், கெட்ட செல் என்று அதற்குப் பார்க்கத் தெரியாது.

2009இல் ஹார்வர்டில் ஜோன் ப்ரூகி குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். மார்பகச் செல், ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பிய்ந்துவிட்டால் குளுக்கோஸை உள்ளே இழுக்க முடியாமல் பட்டினி கிடக்கும். ஏடிபி என்கிற எரிசக்தி வற்றும். அந்த நிலையில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் வராமலே, கொழுப்பை எரித்து ஏடிபியை மீட்டுக்கொண்டது செல்! பிய்ந்த பிறகும் பிழைத்துக் கிடப்பதுதானே புற்றுநோய் பரவுவதற்கு முதல் தேவை? ஆய்வுக்கூடத் தட்டில் நடந்ததுதான்; அக்கா உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

சரி, மனிதர்களிடம்? அமெரிக்காவில் கீமோ எடுத்த 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019 கடைசியில் வெளியானது. கீமோவுக்கு முன்பும், கீமோவின்போதும் விட்டமின் ஏ, சி, ஈ, கரோட்டினாய்டு, கோஎன்சைம் க்யூ10 போன்றவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 41 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற எல்லையில் நிற்கும் கணக்கு. அதே ஆய்வில் விட்டமின் பி12 கணக்கு அப்படியில்லை: கீமோவுக்கு முன்பும், கீமோவின்போதும் அதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 83 சதவீதம் அதிகம், அழுத்தமாகவே. மல்டிவிட்டமினால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மாத்திரைதான் காரணம் என்று இந்த மாதிரி ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற நன்மைக்கும் அதில் சாட்சி இல்லையே!

அக்கா நெல்லிக்காய்த் துவையலை ஆசையாகச் சாப்பிடட்டும். நான் சொல்வது டப்பாவில் வருவதை. ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டரே பி12 எழுதியிருந்தால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது டப்பாக்களையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மில்லிகிராம் கணக்கை டாக்டர் பார்க்க வேண்டும்.