கையில் வாங்கவா, காத்திருந்து வாங்கவா?

வாசகர் கேள்வி பதில்: மூளையும் மனமும்

என் மக்கள் இருவரும் ஒரே வளவில் வளர்ந்தவர்கள். பெரியவன் சம்பளம் வந்த அன்றே ஆர்.டி.யில் பணம் போட்டுவிடுகிறான். சின்னவன் கலகலப்பானவன், நாலு பேரோடு சேர்ந்தால் கையிருப்பு கரைந்துவிடுகிறது. இது வளர்ப்பா, பிறவிக் குணமா?
– வாசகி, காரைக்குடி

இரண்டும்தான். இரட்டையர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், காத்திருக்கும் மனப்பான்மையில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் 12 வயதில் சுமார் 30 சதவீதமும் 14 வயதில் சுமார் 51 சதவீதமும் மரபணுவால் வருவதாகக் கணக்கிட்டார்கள். மீதிக்குச் சூழ்நிலைதான் காரணம்.

மூளைக்குள் நடப்பது இது. எதிரே ஒரு பலன் வந்தால், மூளையின் ஆழத்தில் இருக்கும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டமும் நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் உள்ள புறணியும் (மூளையின் மேலடுக்கு) சேர்ந்து அதற்கு ஒரு மதிப்புப் போடுகின்றன. 2004இல் மெக்ளூர் குழுவினர், உடனடிப் பலனுக்கு ஒரு பகுதி, பொறுமைக்கு இன்னொரு பகுதி என்று பிரித்துச் சொன்னார்கள். 2007இல் கேபிளும் கிளிம்சரும், ஒரே மதிப்பீட்டுப் பகுதிதான் இரண்டு பலன்களையும் எடை போடுகிறது என்று காட்டினார்கள். எங்களுக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. நெற்றியின் பக்கவாட்டுப் புறணிக்கும் இதில் வேலை உண்டு. 2010இல் இடப்பக்கத்தில் அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் சற்று நேரம் மந்தமாக்கியபோது, கையில் கிடைப்பதைத் தேர்ந்தெடுப்பது கூடியது. ஆனால் 'இது எவ்வளவு பிடிக்கிறது' என்று தனித்தனியாகக் கேட்டபோது சொன்ன மதிப்பு மாறவில்லை. மதிப்புத் தெரிந்தும் கை முந்துகிறது என்பது இதில் வெளிப்படுகிறது.

கலகலப்பானவர்களின் மூளை பலனுக்கான சைகைக்குக் கூடுதலாகத் துடிக்கிறது. அதில் டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. 2010இல் வந்த இன்னொரு ஆய்வு உங்கள் சின்ன மகனுக்கு அப்படியே பொருந்தும்: மகிழ்ச்சியான மனநிலைக்குக் கொண்டுவந்தபோது, கலகலப்பானவர்கள்தான் உடனடிப் பணத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஆகவே அவரைத் திட்டுவதைவிட, பணத்தையும் கொண்டாட்டத்தையும் நேரத்தால் பிரித்துவையுங்கள். சம்பளத் தேதிக்கு மறுநாள் காலையிலேயே ஆர்.டி.க்குத் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் 500 ரூபாய் போதும். சம்பளம் கூடும்போதெல்லாம் கூடுதலில் பாதி சேமிப்புக்குப் போகட்டும் என்று இப்போதே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தாலரும் பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட இப்படிப்பட்ட திட்டத்தில், 40 மாதங்களில் சேமிப்பு விகிதம் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. யாருடைய குணத்தையும் அவர்கள் மாற்றவில்லை.

என் பொறுமையை நானே அளந்து பார்க்க முடியுமா? வட்டிக் கணக்கு எனக்குத் தெரியும்.
– வாசகர், தேவகோட்டை

முடியும். ஒரு தாளும் பத்து நிமிடமும் வேண்டும். '30 நாள் கழித்து 2,000 ரூபாய்' என்று எழுதுங்கள். எதிரே 'இன்று 1,000' என்று வைத்து, எது வேண்டும் என்று உங்களையே கேளுங்கள். பிந்தியதைத் தேர்ந்தால் இன்றைய தொகையை 500 கூட்டுங்கள். இன்றையதைத் தேர்ந்தால் 500 குறையுங்கள். அடுத்த முறை 250, பிறகு 125, பிறகு 60. ஐந்து கேள்வியில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும் இடம் வந்துவிடும். அது 1,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,000ஐ 1,600ஆல் வகுத்தால் 1.25, ஒன்றைக் கழித்தால் 0.25; அதை 30 நாளால் வகுத்தால் 0.0083. இதுதான் உங்கள் பொறுமையின்மை எண். எண் பெரிதானால் அவசரம் கூடுதல். பசியோடு இருக்கும்போதும் கடன்காரர் வாசலில் நிற்கும்போதும் இதைச் செய்யாதீர்கள். வரும் எண் அந்த நாளுடையதாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். தொகையைப் பத்து மடங்காக்கினால் எண் குறையும். பெரிய தொகைக்குப் பெரும்பாலோர் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருப்பார்கள்.

வட்டிக் கணக்கு தெரிந்தவர் என்பதால் இதையும் கவனியுங்கள். கூட்டு வட்டி ஒவ்வொரு நாளும் ஒரே விகிதத்தில் ஓடுகிறது. மனம் அப்படி ஓடுவதில்லை. முதல் சில நாட்களிலேயே மதிப்பைச் செங்குத்தாகச் சரித்துவிட்டு, பிறகு மெதுவாகக் குறைக்கிறது. எண் 0.05 உள்ள ஒருவருக்கு 'இன்று 1,000, ஏழு நாள் கழித்து 1,200' என்றால் பின்னது மனத்தில் 889 ரூபாய்தான் (எண்ணை நாளால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதனால் தொகையை வகுத்தால் இது வரும்), இன்றையதை எடுத்துவிடுவார். அதே இரண்டையும் 30 நாள் தள்ளி வையுங்கள்: 1,000 ரூபாய் 400 ஆகிறது, 1,200 ரூபாய் 421 ஆகிறது. இப்போது காத்திருக்கத் தயார் என்பார். நாள் நெருங்கியதும் மனம் மாறுவதற்குக் காரணம் இந்தச் சரிவுதான்.

20 மாத ஏலச்சீட்டில் கடைசி வரை பொறுத்து எடுப்பது என்று இருந்தேன். மூன்றாவது மாதமே ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை 25,000 தள்ளி எடுத்துவிட்டேன். அடுத்த முறை என்ன செய்வது?
– வாசகர், பள்ளத்தூர்

மேலே சொன்ன சரிவு உங்களுக்கும் நடந்திருக்கிறது. ஏலக் கூடத்தின் பரபரப்பும் சேர்ந்திருக்கும். தள்ளி எடுப்பது எப்போதும் தவறில்லை. மருத்துவச் செலவு, அதிக வட்டிக் கடனை அடைப்பது என்றால் சரியான கணக்குதான். அப்படி அவசியம் இல்லாவிட்டால், எத்தனை ரூபாய் வரை தள்ளலாம் என்ற உச்ச வரம்பை முந்தின இரவே தாளில் எழுதி, உங்களுக்குப் பதில் கூட்டத்துக்குப் போகக்கூடிய ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

சீட்டுப் புத்தக அட்டையில் 'சேமிப்பு' என்று எழுதாதீர்கள். 'தை மாதம், முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதிக்க' என்பது போல நிகழ்ச்சியையும் இடத்தையும் எழுதுங்கள். தாங்கள் ஏற்கெனவே திட்டமிட்டிருந்த நிகழ்ச்சிகளைப் பிந்திய பலனோடு சேர்த்துக் காட்டியபோது மக்கள் கூடுதலாகக் காத்திருந்ததை 2010இல் பீட்டர்ஸும் பூஷலும் கண்டார்கள். நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் இதில் இணைந்து இயங்கியது. '17 மாதம் கழித்து' என்பதைவிடத் தேதியையே எழுதுவதும் உதவும். நாட்களின் நீளம் மனத்தில் பெரிதாக நிற்காது.

ஐந்து வயதுப் பேத்திக்கு மிட்டாய்ச் சோதனை வைத்தேன். ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. படிப்பு வருமா?
– வாசகி, கோட்டையூர்

வரும், கவலை வேண்டாம். கையில் உள்ள ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிப் பார்ப்பதுதான் அது. ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் என்ற உளவியலாளர் தொடங்கிய அந்தச் சோதனையை 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவில் 2018இல் திரும்பப் பார்த்தபோது, பிற்காலப் படிப்போடு இருந்த தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியைச் சேர்த்துக் கணக்கிட்டதும் அதுவும் பெரும்பகுதி போய்விட்டது. 2013இல் 28 பிள்ளைகளிடம் செய்த சோதனையை ஆச்சிமார் எல்லோரும் அறிய வேண்டும். 'நல்ல வண்ணப் பென்சில் கொண்டு வருகிறேன்' என்று சொல்லி, வாக்கைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் மூன்று நிமிடம்தான். நாளைக்குக் கந்தரப்பம் சுட்டுத் தருகிறேன் என்றால் நாளைக்கே சுட்டுக் கொடுங்கள்.

அப்பச்சிக்கு எழுபது வயது. ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதிச் சிக்கனமாக இருந்தவர். நடுக்குவாதத்துக்கு மாத்திரை தொடங்கிய பிறகு போனில் சூதாட்டம், கண்டதை வாங்குவது. கேட்டால் கோபம் வருகிறது.
– வாசகர், கானாடுகாத்தான்

இதைக் குணக்கேடு என்று எண்ணாதீர்கள். மாத்திரைச் சீட்டில் பிராமிபெக்ஸோல் அல்லது ரோபினிரோல் இருக்கிறதா என்று பாருங்கள். இவை டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் மருந்துகள். 3,090 நடுக்குவாத (பார்க்கின்சன்) நோயாளிகளைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், இவ்வகை மருந்து எடுப்பவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும் சூதாட்டம், அடங்காத வாங்கல், அளவற்ற சாப்பாடு, காமம் போன்ற கட்டுப்பாட்டுக் கோளாறுகள் இருந்தன. நோயில்லாதவர்களுக்கு, மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோப்பா மருந்தை ஒரு வேளை கொடுத்துப் பார்த்தபோதும் உடனடிப் பணத்தின் பக்கம் சாய்வு கூடியது.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு வரலாம், நடுக்கமும் கூடும். மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, செலவு கூடத் தொடங்கிய தேதி ஆகிய நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து வந்தால் நரம்பியல் மருத்துவருக்கு அதுவே பெரிய தடயம். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ அவர் முடிவு. அதுவரை அப்பச்சியின் சம்மதத்தோடு போன் வழிப் பணப் பரிமாற்றத்துக்கு நாள் வரம்பைக் குறைத்து, பெரிய வைப்புத் தொகையை இருவர் கையெழுத்துக்கு மாற்றிவையுங்கள். மருத்துவரிடம் அவர் இதைத் தானாகச் சொல்லக் கூச்சப்படுவார். நீங்கள் கூடப் போங்கள்.